வெள்ளக்கோடு – அத்தியாயம் 11

நோலா ட்ராண்டரை மண்டபத்து மேடைக்குப் பின்னால், தூசிக்குள் முழங்காலிட்ட நிலையில் விட்டுவிட்டுப் போன வாரம் நாம் எழுந்து போனோம். அவளும் அன்றே எழுந்துவிட்டாள். ஆனால் அங்கே கண்டது அவளை விட்டு எழவில்லை.

இன்றுதான் வந்து சேருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஹார்ட்டிகன் துறை என்கிற ஆற்றோர ஊர், அதன் பொது மண்டபத்து வாசல் தூணில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெட்டுக்கோடு உண்டு. பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தை, நோலாவின் கொள்ளுத்தாத்தா தண்ணீருக்குள் நின்றபடியே கோடாலியால் கொத்தி வைத்தது. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள நிலம் எந்தக் காலத்திலும் நனையாது என்று ஊர் நம்புகிறது. ஊரை அப்படி நம்ப வைத்தவர் நோலாவின் அண்ணன் மெர்வின். உள்ளூர் வரலாற்றுச் சங்கத் தலைவர். புது வீடுகளுக்கு அனுமதி கொடுக்குமுன் நகரசபைக்காரர்களே அவர் வாசலில் வந்து கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

வியாழக்கிழமை நோலா மடக்கு மேசைகளை இழுக்கப் போய், மேடைக்குப் பின்னால் கழன்று தொங்கிய ஒரு பலகையை நகர்த்தினாள். உள்ளே சுவர்ச் சட்டங்கள் ஒவ்வொன்றிலும் உளியால் வெட்டிய எண்கள் வரிசையாக ஓடின. புதிதாகக் கட்டுகிற தச்சனுக்கு எண் எதற்கு? ஒரு கட்டடத்தைப் பிரித்து, வண்டியில் ஏற்றி, வேறோரிடத்தில் மறுபடி கோர்க்கப் போகிறவன்தான் எண் வெட்டுவான். வெளியே வந்து வாசல் தூணின் உச்சியில் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தாள். அதிலும் ஓர் எண் இருந்தது.

மண்டபம் வேறெங்கோ நின்றிருக்கிறது. அப்படியானால் அந்த இடுப்பளவு எந்தத் தரையிலிருந்து இடுப்பளவு?

இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் சனிக்கிழமை காலை அவள் சமையலறையில் தேநீர்க் கொதிகலனை மூட்டினாள்.

நியூ சவுத் வேல்ஸின் வடபகுதி வரலாற்றுச் சங்கங்களெல்லாம் வருஷத்துக்கொரு முறை கூடுகிற கூட்டம் அன்று. இந்த முறை ஹார்ட்டிகன் துறையின் முறை. வெளியே கார்கள் ஒவ்வொன்றாக வந்து ஜகரந்தா மரம் உதிர்த்த ஊதாப்பூக்கள் மேல் நின்றன. இறங்கியவர்கள் கையில் ஆளுக்கொரு தட்டு. முட்டை சாண்ட்விச், பாஷன்பழம் பூசிய ஸ்பாஞ்ச் கேக், தேங்காய்த்தூளில் புரட்டிய லாமிங்டன் கேக். தட்டுக்கடியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் அவரவர் பெயர். நூறு வருஷத்துக்கு முந்திய ஆவணத்தைத் தொலைத்தால்கூட மன்னிப்பார்கள், தட்டு மாறிப்போனால் மன்னிக்க மாட்டார்கள்.

மெர்வின் எல்லோரையும் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். அடர்நீலக் கோட்டு, சங்கத்துச் சின்னம், அழுந்த வாரிய வெள்ளை முடி. தூணுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி மூடிய ஒரு பித்தளைத் தகடு. நான்கு மணிக்குத் திறப்பு. "பெருவெள்ளம் தொட்ட உச்சம் இதுவே" என்று அதில் பொறித்திருந்தது. இத்தோடு தலைவர் பதவியிலிருந்து இறங்குவதாகச் சொல்லியிருந்தார். இறங்குகிறவருக்குச் சங்கம் செய்கிற மரியாதை அது.

சர்க்கரைக் கிண்ணம் எடுக்க உள்ளே வந்தவரை நோலா மறித்தாள்.

"மெர்வ், உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"சாண்ட்விச் பத்தாதா?"

"அதில்ல."

"அப்ப அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு போய்விட்டார். நேற்றும் இதேதான் நடந்தது. நேற்று நாற்காலி பத்தாதா என்று கேட்டார்.

அவர் போன சற்று நேரத்தில் கெரின் வந்தாள். மெர்வினின் ஒரே மகள். மோவாயில் மாவும் கையில் பூசணி ஸ்கோன் ரொட்டிகள் அடுக்கிய தட்டுமாக வந்தவள், தட்டை வைத்ததும் அத்தையைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவளும் அவள் கணவன் டேலும் அப்பா கொடுத்த கீழ்வயலில் வீடு கட்டப் போகிறார்கள். வெள்ளக்கோட்டுக்குச் சற்றே மேலே, ஆற்றைப் பார்த்த நிலம். முளையடித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் ஊற்ற ஆள் வருகிறது. நோலா இரண்டு நாளாக அண்ணனை மறித்தது மண்டபத்துக்கும் தூணுக்குமாக அல்ல, அந்தக் கயிற்றுக்காகத்தான்.

கெரின் குரலைத் தாழ்த்தினாள். அம்மா போன பிறகு அப்பா முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை இன்றைக்குத்தான் பார்ப்பதாகச் சொன்னாள்.

"உங்க ரெண்டு பேருக்குள்ள ரெண்டு நாளா ஏதோ புகையுது, எனக்குத் தெரியும். என்னன்னு கேக்கல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவர்கிட்ட எதையும் கிளறாதீங்க அத்தை. நாளைக்கு வேணா நல்லா சண்டை போட்டுக்குங்க, நானே நாற்காலி போடறேன்."

யாருக்காகப் பேச வேண்டுமோ அவளே வந்து பேசாதே என்கிறாள். நோலா அவள் மோவாயிலிருந்த மாவைத் துடைத்துவிட்டாள். வேறென்ன செய்வாள்.

கூட்டம் தொடங்கியது. ஆற்றங்கரையின் ஆதிக்குடிப் பெண்மணி லோரெய்ன் அத்தை முதலில் எழுந்து தன் மக்களின் பெயரால் எல்லோரையும் வரவேற்றார். ஊரே அவரை அத்தை என்றுதான் அழைக்கும். "நீங்கள்லாம் பழங்காலத்தப் பத்திப் பேச வந்திருக்கீங்க. நல்லா பேசுங்க. எங்க கணக்குக்கு அது நேத்து சாயங்காலம்," என்றார். மண்டபம் சிரித்தது. பிறகு சங்கங்களின் பெயர் அழைப்பு. பெயர் சொன்னதும் ஒருவர் எழுந்து அந்த வருஷத்துச் சாதனையை ஒரே வரியில் சொல்லி உட்கார வேண்டும். ஒரு சங்கம் பழைய கிணற்றைத் தூர்வாரியிருந்தது. ஒரு சங்கம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதையும் சாதனையாகவே சொன்னார்கள்.

அப்புறம் மெர்வின் தன் உரையை வாசித்தார்.

நன்றாக வாசித்தார். நோலா சமையலறைக் கதவில் சாய்ந்து கேட்டாள். அவருக்கு உரை முழுதும் மனப்பாடம், இருந்தாலும் காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். முன்பு ஊர் முழுவதும் மேட்டில் இருந்தது. பெருவெள்ளம் வந்தது, போனது. அதற்குப் பிறகு கீழே சமவெளியில் ரயில் வந்தது. ரயிலைத் தேடி வங்கி இறங்கியது, மாதாகோயில் இறங்கியது, மதுக்கடைகூட எருதுகள் இழுக்க இறங்கியது. "எங்க வட்டாரத்துல மனுஷங்களவிடக் கட்டடங்கதான் அதிகம் நடந்திருக்கு," என்று ஒரு வேடிக்கையும் வைத்தார். "இந்த மண்டபம் ஒண்ணுதான் நடக்கல. ஏன்னா, ரயில் இங்கதான் வரும்னு அதுக்கு முன்னாடியே கணிச்சு, வெட்டவெளியில தனியா இதக் கட்டினவங்க ட்ராண்டர்கள்."

கைதட்டல் விழுந்தது. நோலாவும் சின்ன வயசிலிருந்து இந்தக் கதைக்குக் கைதட்டி வளர்ந்தவள்தான். இன்று கேட்கும்போது அது எப்படித் தொனித்தது என்று நினைத்தாள். ஊரில் எல்லாக் கட்டடமும் இறங்கி வந்திருக்க, நம்முடையது மட்டும் முன்னாலேயே வந்து காத்திருந்ததாம். அடுத்த வீட்டுக்காரன் இப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன் அரை நாழிகையில் பிய்த்துப் போட்டிருப்பார். சொந்த வீட்டுக் கதையை யார் தட்டிப் பார்க்கிறார்கள்? கண்ணெதிரே தூண் நிற்கும்போது காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டார்.

கேள்வி நேரம். ஐவி டன்ஸ்டன் கையைத் தூக்கினாள். மேலாற்றுச் சங்கத்துக்காரி. கோழி கொத்துவதுபோல் கேட்பாள் என்று பெயர். அவள் எழுந்தாலே மேடையில் இருப்பவர்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

"மேலாற்றுச் சங்கம், ஐவி டன்ஸ்டன். தலைவர்கிட்ட ஒரு சின்ன கேள்வி. கோடு வெட்டின அந்தத் தூண் இந்தக் கட்டடத்தோடதுதானா? இல்ல, வேற எங்கேருந்தாவது கொண்டாந்து நட்டதா?"

நோலாவின் கை கதவு நிலையை இறுகப் பற்றியது.

"இந்தக் கட்டடத்தோடதுதான் ஐவி," என்றார் மெர்வின். "அதே மரம், அதே இழைப்பு. முதல் நாள்லேருந்து இது கூடவே இருக்கு. வேணும்னா ஆத்துகிட்டயே கேளு."

மறுபடி சிரிப்பு. ஐவியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தூண் கட்டடத்தோடதுதான். கட்டடம் எந்த இடத்தோடது என்று யாரும் கேட்கவில்லை. அங்கே அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஒருத்தி கையில் பாத்திரம் துடைக்கிற துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் விடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் சாண்ட்விச்சோடு ஒதுங்கியவரைப் பிடித்து, எண்களைப் பற்றி, தூணின் உச்சியைப் பற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மெர்வின் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு மெதுவாக மறுபடி மென்றது.

"பழைய மரத்த வாங்கிப் போட்டுக் கட்டியிருப்பாங்க," என்றார். "அந்தக் காலத்துல யாரு புது மரம் வாங்குனா?"

"தூணுமா பழைய மரம்? நீதானே இப்ப உள்ள சொன்ன, முதல் நாள்லேருந்து கூடவே இருக்குன்னு."

அவர் தொட்டியின் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பவர்போல.

"சான்று எத்தனை வெச்சிருக்க?"

"ஒண்ணு."

"ஒரு சான்று இருந்தா வதந்தி. ரெண்டு இருந்தாதான் வரலாறு."

"அது நீ எனக்குச் சொல்லித் தந்தது மெர்வ்."

"அப்ப ரெண்டாவதக் கொண்டா." குரல் கறாராக வந்தது. "கெரினுக்குத் தெரியுமா?"

"தெரியாது. திங்கக்கிழமை கான்கிரீட் ஊத்தறாங்க. அதான் இன்னைக்கே சொல்றேன். உன் தகடுக்காக இல்ல."

தகடு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே வயசு போனது. மிச்ச வயசை இந்தச் சங்கத்துக்குக் கொடுத்தார். உலகத்தில் யார் யார் தன்னை மதிக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தாரோ அவர்கள் எல்லோரும் அன்று அந்த ஒரு கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய், நான் சொன்னது தப்பு என்பதா? வேறெவர் சொன்னாலும் அவர் தாங்கிவிடுவார். தங்கை சொன்னால்?

வாசலில் பேருந்து ஹாரன் அடித்தது. மதிய உலாவுக்கு எல்லோரும் ஏறினார்கள்.

உலா என்றால் மேட்டுக்குப் போவதுதான். பழைய கல்லறைத் தோட்டம், வங்கி இருந்த இடம், மாதாகோயில் இருந்த இடம், எல்லாமே இருந்த இடங்கள். இருக்கிற இடம் என்று அங்கே எதுவுமில்லை, புல்லும் மாடும் தவிர. இருந்தாலும் இவர்கள் ஒவ்வொரு வெற்றுத் தரையையும் கல்யாண வீட்டைப் பார்ப்பதுபோல் ஆசையாகப் பார்ப்பார்கள். மெர்வின் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். நோலா கடைசி இருக்கை. எப்போதும் கூட்டம் முடிந்தபின் கோப்பை கழுவ அவள் பின்தங்கிவிடுவாள். இன்று கோப்பைகளைக் கெரினிடம் ஒப்படைக்கப் போனாள். கெரினைக் காணோம். ஊறட்டும் என்று தொட்டியில் போட்டுவிட்டு ஏறிவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே சாலையின் மறுபுறம் இரண்டு பன்யா மரங்கள் உண்டு. கோபுரம்போல் உயர்ந்தவை. மனிதத் தலையளவு காய்கள் மேலிருந்து விழும் என்பதால் அதன் கீழே யாரும் வண்டி நிறுத்த மாட்டார்கள். ஓட்டுநரும் தள்ளித்தான் நிறுத்தினார். ஏதோ பண்ணைவீட்டு வாசலில் வைத்தவை என்று ஊரில் சொல்வார்கள். எந்தப் பண்ணைவீடு, யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இருந்த வீடு எரிந்திருக்கும் என்பார்கள்.

நோலா ஜன்னல் வழியே அந்த மரங்களைப் பார்த்தாள். ஆயிரம் முறை பார்த்த மரங்கள். ஆனால் இன்று வேறொன்று தோன்றியது. இந்த வட்டாரத்தில் பன்யாவை ஜோடியாக யார் வைப்பார்கள்? வீட்டுக்காரன் நிழலுக்கு அத்தி வைப்பான், தின்ன எலுமிச்சை வைப்பான். வாசலின் இருபுறமும் காவல்காரர்போல் பன்யா நிற்பது மாதாகோயிலில், பள்ளிக்கூடத்தில், மண்டபத்தில். மாதாகோயில் நின்ற இடம் தெரியும், அது அந்தப்பக்கம். பள்ளிக்கூடம் ரயில் வந்த பிறகு கீழேயே புதிதாகக் கட்டியது.

மற்றவர்கள் கல்லறைகளுக்கு இறங்கியபோது அவள் சாலையைக் கடந்தாள். வேலிக் கம்பியைத் தூக்கி, நல்ல பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்தாள். புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. பாம்புக்காக முதலில் காலால் தட்டித் தட்டித்தான் நடந்தாள். மரங்களைத் தாண்டிச் சற்று உள்ளே போனதும் கால்விரல் எதிலோ மோதியது. குனிந்து புல்லை விலக்கினாள். தரையோடு தரையாக அறுத்துவிட்ட மரக்கட்டை. கரையான் தின்று நடுவில் குழிந்திருந்தது, விளிம்பு மட்டும் இரும்பாக நின்றது. தரைப்பலகையைத் தாங்குகிற அடிக்கட்டை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

கட்டைகள் ஒரு கட்டடத்துக்குச் சொந்தம், சரி. எந்தக் கட்டடத்துக்கு?

சின்ன வயசில் நடன ராத்திரிகளுக்கு முன்னால் மண்டபத்துத் தரையை மெருகேற்றுவது பிள்ளைகள் வேலை. மெழுகும் மரத்தூளும் தூவி, சாக்கில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, இன்னொரு பிள்ளை இழுத்துக்கொண்டு வாசலிலிருந்து மேடை வரை ஓடும். நோலா உட்காருவாள், மெர்வின் இழுப்பார். அந்தத் தரையின் நீளம் அவளுக்கு எண்ணாகத் தெரியாது. உடம்புக்குத் தெரியும்.

இரண்டு மரங்களுக்கும் நேரெதிரே நின்றுகொண்டாள். அதுதான் வாசல் என்று வைத்துக்கொண்டு நடந்தாள். எண்ணவில்லை. மேடை வந்துவிட்டது என்று உடம்பு சொன்ன இடத்தில் நின்றாள். காலடியில் புல்லை விலக்கினாள்.

குறுக்கே ஒரு வரிசைக் கட்டைகள் இருந்தன, மற்றவற்றைவிட நெருக்கமாக. மேடையின் பாரத்துக்கு நெருக்கமாகத்தானே வைப்பார்கள்.

சாலைக்கு அந்தப்பக்கம் ஒலிபெருக்கியில் அண்ணன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் மாதாகோயில் போதகரின் குதிரையைப் பற்றி ஏதோ. அந்தக் குதிரை வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டது. நோலா திரும்பினாள். பேருந்துப் படியில் மெர்வின் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து எங்கே நடந்தாள் என்பதை முழுக்கப் பார்த்திருக்கிறார். வேறு யாருக்கும் அந்த நடை புரிந்திருக்காது.

அவர் ஒலிபெருக்கியை ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். சாலையைக் கடந்தார். வேலியருகே ஐவி டன்ஸ்டன் முந்திக்கொண்டு வந்து, எதற்கென்று கேட்காமலே கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். அடர்நீலக் கோட்டு முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

அவர் நேரே மேடையின் இடது மூலைக்குப் போனார், நின்று, குறுக்கே நடந்தார். பக்கக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் குனிந்தார். எழுந்தார். பின்புறம் போனார். மண்டபத்தின் சமையலறை மட்டும் கட்டடத்தோடு ஒட்டாமல் சற்றுக் கோணலாக நீட்டிக்கொண்டிருக்கும். கட்டினவனுக்குக் குடிவெறி என்று அவரே உரைகளில் வேடிக்கை சொல்வது வழக்கம். அதே கோணலில், அதே இடத்தில், புல்லுக்குள் கட்டைகள் சாய்வாக ஓடின.

அவர் அந்தக் கோணல் வரிசையின் கடைசிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டாவது சான்று," என்றார்.

நோலா பக்கத்தில் போய் நின்றாள். வென்றுவிட்டோம் என்ற எண்ணம் அவளுக்கு ஒரு கணம்கூட வரவில்லை. அண்ணன் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தாள். அவர்கள் வீட்டில் அப்படி வைக்கிற பழக்கமில்லை. கோட்டில் ஒட்டிய புல்லை மட்டும் தட்டிவிட்டாள்.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. கல்லறைகளை விட்டுவிட்டு ஒட்டுமொத்தக் கூட்டமும் வேலியைத் தாண்டி வந்தது. தடி ஊன்றியவர்கள்கூட வந்தார்கள். முழங்காலிட்டார்கள், புல்லைப் பிய்த்தார்கள், இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். ஒருவர் குடையால் மூலைமட்டம் பார்த்தார். பல வருஷக் கூட்டங்களில் இவ்வளவு சந்தோஷத்தை நோலா பார்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லோரும் மெர்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாழ்நாள் முழுவதும் சொன்னது இடிந்து கிடக்கிற இடத்தில் நின்று அவர் வாழ்த்துக்களை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐவி மட்டும் குலுக்கவில்லை. கையிலிருந்த மண்ணைத் துடைத்தபடி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல மெர்வ். இவ்வளவு பெரிய மண்டபத்த மேட்டுலேருந்து பிரிச்சுக் கீழ கொண்டு போயிருக்காங்க. ஊரே கூடித்தான் செஞ்சிருக்கும். அத்தன பேரும் எப்படி மறந்தாங்க?"

"தெரியல ஐவி." அவர் நிமிர்ந்து பார்த்தார். "மறக்கறதுக்கு எங்க வீட்டுல நல்ல கதையா ஒண்ணு கொடுத்துட்டோம்னு நெனக்கிறேன்."

ஐவிக்கு எப்போதும் இரண்டாவது கேள்வி ஒன்று தயாராக இருக்கும். அதை அவள் கேட்காமல் விழுங்கியதை நோலா பார்த்தாள். யார் அந்தக் கதையை முதலில் சொன்னது, சொன்னவனுக்கு அது தேவைப்பட்டது ஏன் என்பதுதான் அது. விழுங்கினாளே தவிர அவள் விட்டுவிடுகிறவள் அல்ல.

மெர்வின் எழுந்து வாசலுக்கு, அதாவது வாசல் இருந்த வெற்றுப்புல்லுக்குப் போனார். அங்கே நின்று உள்ளங்கையைத் தரைக்கு இணையாக இடுப்பருகே நீட்டினார். கொள்ளுத்தாத்தா கோடாலியோடு நின்ற இடம் அது. தண்ணீர் அங்கே அந்த உயரம் நின்றிருக்கிறது. பிறகு அந்தக் கைக்கு மேலாகக் கண்ணை ஓட்டி, இரு மரங்களுக்கு நடுவே கீழே பார்த்தார்.

நோலாவும் பார்த்தாள். ரயில் நிலையத்துக் கூரை கீழே இருந்தது. பால்பண்ணையின் புகைக்குழாய் கீழே இருந்தது. மண்டபம், அதன் வாசலில் சிவப்புத் துணி ஒரு பொட்டாக, எல்லாம் கீழே. அந்தக் கைமட்டத்துக்குத் தண்ணீரை நிரப்பினால் சமவெளியில் மூழ்காமல் நிற்கப்போகிற ஒரு பொருளும் இல்லை. இத்தனை காலமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் நகரசபைக்கும் பயப்படாதே, பயப்படாதே என்று அவர் சொன்ன அத்தனை வீடுகளும் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்தன.

"தகட்ட யாரையாவது விட்டுத் துணியோடவே கழட்டச் சொல்லு," என்றார். குரல் சாதாரணமாகவே இருந்தது. "நகரசபைக்கு நாளைக்கே எழுதணும். எனக்கு இத எழுதக் கை வராது, நீ எழுது, நான் கையெழுத்து போடறேன். கெரின்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடுவோம். இன்னும் முளைக்குச்சிதானே நிக்குது, புடுங்கினா போச்சு. மேல இந்தப்பக்கம் வேற நெலம் பாத்துக் கொடுக்கறேன்."

சொல்லிக்கொண்டே கீழ்வயலைத் தேடினார். ஆற்றோரம், வேலி, மூன்று சிவப்பு மாடுகள். நோலாவின் கண் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

கயிறு இல்லை. முளைகள் இல்லை. வெள்ளைக் கயிறு கட்டியிருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சதுரம் ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கலவை வண்டி. இரண்டு ஆட்கள் நீளப்பலகையைப் பிடித்து இழுத்து மட்டம் செய்துகொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமைன்னுதானே சொன்னா?" என்றார் மெர்வின். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

ஊரெல்லாம் கூட்டத்தில் இருக்கும் நாளில் முடித்துவிட்டு, சாயங்காலம் தகடு திறந்த கையோடு அப்பாவை அழைத்துவந்து காட்டலாம் என்று இருந்திருக்கிறார்கள் பிள்ளைகள். எதையும் கிளறாதீங்க அத்தை என்றாளே, அந்தச் சந்தோஷத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள்.

கீழே சதுரத்தின் ஓரத்தில் நின்ற ஓர் உருவம் மேட்டைப் பார்த்தது. மரங்களுக்கு நடுவே ஒரு கூட்டமே நின்று தன் வீட்டைப் பார்ப்பதாக நினைத்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டியது. பக்கத்தில் டேலும் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

"நான் போய்ச் சொல்றேன்," என்றாள் நோலா. "நீ பேருந்துல வா. சரிவு உன் நெஞ்சுக்கு ஆகாது."

"வேணாம்." மெர்வின் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "வெள்ளக்கோட்டக் காட்டி அங்க கட்டச் சொன்னவன் நான். சொல்ல வேண்டியதும் நான்தான். நீ கூட மட்டும் வா."

மேய்ச்சல் சரிவில் பக்கவாட்டாகக் கால் வைத்து அவர் இறங்கத் தொடங்கினார். நோலா இரண்டடி பின்னால். கெரின் இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் கை ஆட்டி அவர் திருப்பி ஆட்டாத நாளில்லை. பழக்கத்தில் அவர் கையும் எழுந்தது. பாதியில், ஆட்டவும் முடியாமல், நிறுத்து என்று காட்டவும் முடியாமல் அப்படியே நின்றது. அந்தக் கையை இறக்காமலேயே அவர் மகளை நோக்கி நடந்தார்.